உண்டு என்ற கட்டம்

"முதல்ல வாளி. அப்புறம் பல்பு. இப்ப என் பெட்டியில இருந்த பச்சைத் திரை. இந்த வீட்டுல கால் முளைக்காத சாமான் ஏதாவது மிச்சம் இருக்கா?"

தையலம்மா மெஷினை நிறுத்திவிட்டு மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள். மருமகள் அந்த ஊர் அரசுப் பள்ளியில் டீச்சர். "மணி அடிக்க நேரமாச்சு அத்தை, சாயங்காலம் சொல்றேன்" என்று செருப்பை மாட்டினாள்.

எல்லாம் பிறந்த வீட்டுக்குத்தான் போகிறது என்று தையலம்மாவுக்கு உறுதியாகிவிட்டது. மகனிடம் சொன்னால், "ஊசி கோக்கத்தான் உனக்குக் கண்ணு தெரியலம்மா, இதெல்லாம் நல்லாத் தெரியுது" என்று சிரிப்பான். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். பத்தடி பின்னால் நடந்தாள்.

மருமகள் பஸ் நிறுத்தத்தின் பக்கம் திரும்பவில்லை. நேராகப் பள்ளிக்குள் போனாள். 'இங்க ஒளிச்சு வச்சு அனுப்புறாளோ?' தையலம்மா சுவரோரமாகவே பின்பக்கம் போனாள். மாணவிகளின் கழிவறைக்குக் கதவு இல்லை. நிலையில் பச்சைத் திரை தொங்கியது. ஓரத்தைப் புரட்டினாள். அவளே போட்ட இரட்டைத் தையல். உள்ளே வாளி. மேலே பல்பு.

பின்னால் மருமகளின் குரல் கேட்டது. "கதவு உளுத்து விழுந்து ரெண்டு வருஷம் அத்தை. எழுதிப் போட்டுக்கிட்டேதான் இருக்கேன். எட்டாவதுப் பொண்ணுங்க நாலு பேர் படிப்பையே நிறுத்திட்டாங்க. திரை போட்டதும்தான் ரெண்டு பேர் திரும்பி வந்தாங்க."

"என்கிட்ட சொல்றதுக்கென்னடி? கடிச்சா தின்னுடுவேன்?"

"கேட்டா குடுத்திருப்பீங்களா?"

தையலம்மா திரையின் ஓரத்தை இழுத்து நேராக்கினாள்.

அப்போதுதான் ஆய்வு அதிகாரியின் ஜீப் வந்தது. அவர் கையிலிருந்த தாளில் வரிக்கு இரண்டே கட்டங்கள்: உண்டு, இல்லை. வாளி, உண்டு. விளக்கு, உண்டு. பேனாவால் திரையை விலக்கிப் பார்த்தார். "மறைப்பும் உண்டு."

"சார், அது வெறும் திரை. கதவுக்குத்தான் நிதி கேட்டிருக்கோம், உண்டுன்னு போட்டா வராது. இந்த வருஷமும் வரலைன்னா மத்தப் பொண்ணுங்களும் நின்னுடுவாங்க."

"மறைவா இருக்கா, அவ்வளவுதான் கேள்வி. உள்ளதை இல்லைன்னு எழுத வைக்கப் பாக்குறீங்களா? அந்த நிதி யாருக்கும்மா?"

தையலம்மா சுவரோரம் கிடந்த ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். கம்பியோடு திரையை உருவினாள்.

"யாரும்மா நீங்க?"

"திரைக்குச் சொந்தக்காரி. வீட்டுல காணாமப் போன சாமானைத் தேடி வந்தேன்." பல்பைக் கழற்றினாள். இறங்கி வாளியைக் கையில் மாட்டிக்கொண்டு, மருமகளின் காதருகே, "ஜீப் போனதும் மாட்டிடலாம்" என்று முணுமுணுத்தாள். பிறகு அதிகாரியிடம் திரும்பினாள். "இப்ப எழுதுங்க. உண்டா, இல்லையா?"

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பேசி வச்சுக்கிட்டு நாடகமா?" பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். இரண்டடி நடந்து, தயங்கி நின்றார்.

"டீச்சர்... விடியறப்ப கிளம்புனது. இங்க ஆம்பளைங்களுக்கு...?"

"அது போன மழையில இடிஞ்சுபோச்சு சார். இருக்கிறது இது ஒண்ணுதான்."

அதிகாரி வெறும் நிலையைப் பார்த்தார். எதிரே வகுப்பறை ஜன்னல் முழுக்கப் பிள்ளைகளின் முகங்கள். தையலம்மா திரையை நிதானமாக நான்காக மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.