தரைவாடகை

ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் முதற்பூசைக்குப் போனவர்கள் வந்த கையோடு எல்லோரும் கக்கூசுக் குழியைச் சுற்றி நின்றார்கள். மூடியாகப் போட்டிருந்த கொங்கிரீற் பலகையை ஹெக்டரும் இன்னும் இருவருமாக அலவாங்கால் நெம்பிப் புரட்டினார்கள். உள்ளிருந்து கிளம்பிய வாடையில் ஒருவர் மதிலோரம் ஓடிப்போய் வாந்தியெடுத்தார். குழி விளிம்புவரை நிறைந்திருந்தது. மேலே சாம்பல் நிற நுரை. நுரை உடைந்த இடங்களில் வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன.

சுண்ணாம்புத் தோட்டம் என்ற அந்தக் கொழும்புக் குடியிருப்பில் பலகையாலும் தகரத்தாலும் கட்டிய வீடுகள் இரண்டு வரிசை. அத்தனைக்கும் அந்த மூன்று கக்கூசுகள்தான். மாநகர சபையின் கழிவு பவுசர் மாதாமாதம் வந்து உறிஞ்சிக்கொண்டு போகும். இந்த முறை வந்த பவுசரைக் காணிக்காரரின் ஆள் வின்சன்ற் படலையிலேயே மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார். பிறகு மழை பெய்தது. குழி பொங்கி ஒழுங்கை வழியே இறங்கி, மர்லியா இடியப்பம் அவிக்கும் குசினி வாசல்வரை வந்து நின்றது. அவள் அன்றிலிருந்து அடுப்பு மூட்டவில்லை.

"ஆர் இறங்குறது?" என்று ஹெக்டர் கேட்டான். அவன் துறைமுகத்தில் சீமெந்து மூட்டை தூக்குகிறவன்.

எல்லோரும் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். கடைசியில் பின்னாலிருந்து ஒரு கிழவர் சொன்னார், "காளியப்பனைக் கூப்பிடுங்கோவன். தோட்டக்காட்டு ஆக்களுக்கு இதெல்லாம் பழக்கம்தானே."

காளியப்பன் அவருக்குப் பக்கத்தில்தான் இரண்டு கையிலும் வாளிகளோடு நின்றான். பண்டாரவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவன். தனிக்கட்டை.

"நான் வெள்ளவத்தைக் கடையில தோசை சுடுறவனுங்க" என்றான். "எங்கப்பா கொழுந்து நிறுத்தவரு. இதுல எனக்கு என்னா பழக்கம்?"

ஹெக்டரின் மனைவி றஞ்சிதம் நீளச் சட்டையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகினாள். முகத்துவாரத்தில் இறால் உரிக்கும் கொம்பனியில் அவளுக்கு வேலை. இறால் நீரும் ஐசும் அரித்து அவளுடைய விரல் நுனிகளில் தோல் நிற்பதில்லை. குழியின் முதற் படியில் காலை வைத்து, கிழவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்களும் பேண்டதுதானே அண்ணை. வந்து வாளியப் பிடியுங்கோ."

யாரோ சிரித்தார்கள். கிழவர் வந்து பிடித்தார். காளியப்பனும் தானாகவே அவளுக்குப் பக்கத்தில் இறங்கினான். பிறகு மாறி மாறி எல்லோருமே இறங்கினார்கள். அள்ளியதைத் தார்ப் பீப்பாயில் ஊற்றி, கைவண்டியில் வைத்துத் தள்ளிப்போய்த் தெருமுனையிலிருந்த சாக்கடை வாயில் கொட்டினார்கள். வழிநெடுக வீட்டுக்காரர்கள் ஜன்னல்களைச் சாத்தினார்கள்.

மத்தியானம் வின்சன்ற் வந்தார். வெள்ளைச் சேட், மூக்கில் ஓடிக்கொலோன் தெளித்த கைலேஞ்சி. காலையில் கோவிலில் முன்வரிசையில் நின்று பாடியவர்.

"சீ, என்ன வேலை இது? என்னட்டச் சொல்லியிருந்தா முதலாளியோட கதைச்சிருப்பனே."

"பவுசரத் திருப்பினது நீங்கதானே செல்லுங்க?" என்றாள் மர்லியா. "பொறகு என்னத்தக் கதைக்கிற?"

"புது வாடகையக் கட்டினா பவுசர் வரும். சின்ன விசயம்தான்."

சின்ன விசயமில்லை என்று அங்கு நின்ற எல்லோருக்கும் தெரியும். வீடுகள் அவர்களுடையவை. துறைமுகத்தில் கழித்த பெட்டிப் பலகையும் பழைய தகரமும் வாங்கி அவரவர் கையால் அடித்து நிறுத்தியவை. நிலம் மட்டும், மர்லியா வீட்டுத் துண்டைத் தவிர, பூபாலசிங்கம் முதலாளியுடையது. அதற்குத் தரைவாடகை கட்டி வந்தார்கள். அதை முதலாளி ஒரேயடியாக மூன்று மடங்காக்கினார். கட்ட முடியாதவர்கள் வீட்டைக் கழற்றிக்கொண்டு போகலாமாம். கழற்றினால் மிஞ்சுவது உக்கிய பலகை. கொழும்பில் அதைக் கொண்டுபோய் நிறுத்த ஒரு சாண் நிலம் கிடையாது.

முதலாளி ஹெந்தளையில் இருந்தார். தோட்டத்துக்கு வந்ததேயில்லை. அவருக்கு வாடகையைவிட நிலம் வெறுமையாவதில்தான் விருப்பம் என்பதை வின்சன்றே ஒருநாள் வாய்தவறிச் சொல்லியிருந்தார். "வெளிநாட்டில இருக்கிற எங்கட சனம் கொழும்பில பிளட் வீடு கேட்டு நிக்குது. சண்டை நடக்கிறதால வடக்கில ஒருத்தரும் வீடு கட்டேலாது. சல்லி எல்லாம் இங்கதான் வருது. முதலாளியும் தமிழன்தானே, எங்கட ஆக்களுக்குச் செய்யிறார்."

"அப்ப நாங்க ஆர்?" என்று றஞ்சிதம் கேட்டபோது அவர் சிரித்தார்.

வாடகை உயர்ந்ததிலிருந்து அவள்தான் வீடு வீடாகப் போய்ப் பேசினாள். காணிக்காரர் பழைய வாடகையை வாங்க மறுத்தால் மாநகர சபையில் கட்டலாம் என்று கோவிலடியில் ஒரு வழக்கறிஞர் சொல்லிக்கொடுத்தார். தனியாகப் போனால் அலைக்கழிப்பார்கள் என்று எல்லோரும் சேர்ந்தே போனார்கள். சபையில் பணத்தை வாங்கிக்கொண்டார்கள். விசாரணைக்கும் ஒரு நாள் குறித்தார்கள். தோட்டத்தின் சார்பில் றஞ்சிதம் கதைப்பது என்று தீர்மானமாயிற்று. குழியை அள்ளிய அன்று மாலை மர்லியா அடுப்பை மூட்டி, எல்லா வீட்டுக்கும் இடியப்பமும் சொதியும் அனுப்பினாள்.

அடுத்த வாரம் கோட்டைப் பக்கம் குண்டு வெடித்தது.

அதன் பிறகு தெருவில் நடப்பதே பயமாகிவிட்டது. சந்திக்குச் சந்தி பஸ்சை மறித்துத் தமிழர்களை இறக்கினார்கள். அடையாள அட்டையோடு, கொழும்பில் தங்குவதற்கான பொலிஸ் பதிவும் கேட்டார்கள். பழைய பதிவுகள் செல்லாது, புதிதாகப் பதிய வேண்டும், பதியக் காணிக்காரரின் கடிதம் வேண்டும் என்று பொலிஸ் நிலையத்தில் சொன்னார்கள்.

கடிதங்கள் வின்சன்றின் மேசையில் இருந்தன. "புது வாடகைக்கு ஓமெண்டு சொன்னவைக்கு மட்டும்தான்" என்றார். "பதிவில்லாமல் பிடிச்சால் நான் ஒண்டும் செய்யேலாது, தங்கச்சி. உனக்காகத்தான் சொல்லுறன்."

றஞ்சிதம் திரும்பி வரும் வழியெல்லாம் காறித் துப்பிக்கொண்டே வந்தாள்.

அன்று மாலை மர்லியாவின் வாசலில் கூடினார்கள். சிலர் கட்டிவிடுவோம் என்றார்கள். காளியப்பன் வேலைக்குப் போகவே பயந்துபோயிருந்தான். அவனை வெள்ளவத்தைக்குப் போகும் பஸ்சிலிருந்து ஏற்கெனவே ஒருமுறை இறக்கி, வெயிலில் முழங்காலில் நிற்க வைத்திருந்தார்கள்.

"எங்கட ஊட்டுத் துண்டு எங்கட மாமா காலத்துலயே காணி உறுதி எழுதின" என்றாள் மர்லியா. "எனக்கு அந்த மனிசன்ட கடிதம் தேவையில்ல. எங்கட விலாசத்துல பதிங்க எல்லாரும்."

"எல்லாருமா?" என்றான் ஹெக்டர்.

"ஓ. எல்லாரும்தான். கேட்டா சொந்தக்காரரெண்டு செல்லுறன்."

காகிதத்தின்படி அந்தத் தோட்டத்துத் தமிழர்கள் முழுப்பேரும் முஸ்லிம் பெண்ணான மர்லியாவின் இரண்டு அறை வீட்டில் குடியேறினார்கள். இது வீடா ரயில் பெட்டியா என்று பதிந்த பொலிஸ்காரர் சிங்களத்தில் கேட்டார். மர்லியா அதே மொழியில் ஏதோ சொல்ல, அவர் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். தோட்டம் முழுவதும் அன்று கலகலப்பாக இருந்தது. வின்சன்ற் மட்டும் படலையடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

விசாரணைக்குச் சில நாள் இருக்கும்போது விடியற்காலையில் சுற்றிவளைத்தார்கள். வெள்ளாப்பில் றஞ்சிதம் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். ஒழுங்கையின் இரண்டு வாயிலும் சப்பாத்துச் சத்தம் கேட்டது. பொலிஸ் அதிகாரி வேறெந்த வீட்டையும் தட்டாமல் நேராக மர்லியாவின் வீட்டுக்குப் போனார். பதிந்தவர்களின் பெயர்களை வாசித்தார். உள்ளே மர்லியாவும் பிள்ளைகளும் மட்டும்தான் இருந்தார்கள்.

"ஓரிடத்தில் பதிந்துவிட்டு இன்னோரிடத்தில் ஒளிந்திருக்கிறீர்கள்" என்றார் அதிகாரி சிங்களத்தில்.

மர்லியா கத்தினாள், அழுதாள், பாயில் கிடந்த பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். தங்கள் வீடுகளிலிருந்து இழுத்து வந்த ஹெக்டரையும் காளியப்பனையும் மட்டும் பிடரியில் பிடித்து ட்ரக்கில் ஏற்றினார்கள். ஹெக்டர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தோடு மட்டும் போனான். றஞ்சிதம் எறிந்த சேட் ட்ரக்கில் பட்டுத் தெருவில் விழுந்தது.

பொலிஸ் நிலையத்தில் அவளை உள்ளே விடவில்லை. அன்று முழுவதும் மதிலோரம் நின்றாள். அடுத்த நாளும் நின்றாள். கொம்பனியில் இனி வரவேண்டாம் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். பின்பக்கத்திலிருந்து அவ்வப்போது சத்தம் கேட்டது. ஹெக்டரின் குரலா என்று கூர்ந்து கேட்பாள். பிறகு காதைப் பொத்திக்கொள்வாள். கொண்டுவந்த சோற்றுப் பார்சலை வாங்கிய காவலன் அதை அவள் கண்முன்னேயே பிரித்து, பொரித்த மீனை எடுத்துத் தின்றுவிட்டு மிச்சத்தை நாய்க்குப் போட்டான்.

இரண்டாம் நாள் பின்னேரம் வின்சன்ற் வெளியே வந்தார். அவர் உள்ளே போனதை அவள் காணவில்லை. பொறுப்பதிகாரியான ஓ.ஐ.சி.யின் அறைக்குள்ளிருந்தே வந்தார். கையில் பாதி குடித்த தேத்தண்ணிக் கோப்பை இருந்தது.

"தங்கச்சி, நல்லாக் களைச்சுப் போனாய். வந்து இரு" என்றார்.

அவள் நின்றாள்.

"ஓ.ஐ.சி. எனக்குத் தெரிஞ்ச மனிசன். நான் பொறுப்பெண்டால் விடுவாராம். ஆனா ஆருக்கு நான் பொறுப்பு நிக்கிறது? எங்கட காணியில இருக்கிறவைக்குத்தான் நிக்கலாம்." சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். வீடும் நிலமும் பூபாலசிங்கம் முதலாளியுடையவை. தாங்கள் மாத வாடகைக்கு இருக்கிறவர்கள். சொன்னவுடன் எழும்பிப் போக வேண்டியவர்கள். அவளுக்கு வாசித்துக் காட்டினார். கோவிலில் வாசகம் வாசிக்கும் அதே நிதானமான குரல்.

"வீடு எங்கட வீடெல்லோ. ஹெக்டர் கட்டினது."

"கட்டினவன் உள்ளுக்க கிடக்கிறான். நாளைக்கு வேற இடத்துக்கு மாத்தினா பிறகு எங்க தேடுறது?"

அவள் பின்பக்கத்தைப் பார்த்தாள். அங்கே இப்போது சத்தமே இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"காளியப்பனையும் விட வேணும்."

"அவன் உனக்கு என்ன முறை?"

"தம்பி."

வின்சன்ற் சிரித்தார். கோப்பையை மதிலில் வைத்தார். "உனக்குத் தோட்டக்காட்டில ஒரு தம்பியோ?"

"ரெண்டு பேரும் வராமல் நான் கையெழுத்து வைக்க மாட்டன்."

அவர் தாளை அவளுக்கு முன்னால் நீட்டினார். "சரி. அப்ப நீயும் ஒண்டு செய்ய வேணும். எல்லாருக்கும் முதல் நீ வைச்சிட்டாய் எண்டு தோட்டத்தில உன்ட வாயால சொல்ல வேணும். நீ சொன்னாத்தான் கேப்பாங்கள்."

பேனையை நீட்டினார். மூடி கழற்றிய பேனையிலும் ஓடிக்கொலோன் மணத்தது. றஞ்சிதம் தாளை மதிலில் வைத்துத் தன் வீட்டுக்கும் காளியப்பனின் வீட்டுக்கும் கையெழுத்து வைத்தாள். வெடித்த விரல் பட்ட இடத்தில் தாள் ஈரமாயிற்று.

முதலில் காளியப்பன் வந்தான். ஒரு கண் மூடியிருந்தது. அவனுடைய தோளைப் பிடித்துக்கொண்டு ஹெக்டர் வந்தான். உள்ளங்கால்களை நிலத்தில் வைக்க முடியாமல் குதிக்கால் விளிம்பில் நடந்தான். சாரம் நனைந்து தொடையில் ஒட்டியிருந்தது. பக்கத்தில் போகாமலே மூத்திரமும் பழைய இரத்தமும் நாறின.

"எப்படி விட்டாங்க?" என்று காளியப்பன் கேட்டான்.

அவள் சொன்னாள். அவன் மற்றக் கண்ணாலும் அவளைப் பார்க்கவில்லை.

"என்னோட வீட்டையுங்களா?"

"உனக்கும் சேர்த்துத்தான் வைச்சனான்."

காளியப்பன் தலையாட்டினான். ஹெக்டரின் கையை மெல்ல எடுத்து அவளுடைய தோளில் போட்டான். "இருக்கட்டுங்கக்கா" என்றான். பிறகு வெறுங்காலோடு தெருவில் நடக்கத் தொடங்கினான். தோட்டம் இருந்தது மறுபக்கம். அவன் போனது வெள்ளவத்தைப் பக்கம்.

"விடு, அவன் வருவான்" என்று வின்சன்ற் தன்னுடைய மொறிஸ் மைனர் காரின் பின்கதவைத் திறந்தார். ஹெக்டர் ஏறக் குனிந்தபோது, "கொஞ்சம் பொறு" என்று தடுத்து, முன்சீற்றிலிருந்து ஆங்கிலப் பேப்பரை எடுத்தார். ஒவ்வொரு தாளாகப் பிரித்து இருக்கையில் விரித்தார். சாயும் இடத்திலும் ஒன்றைச் செருகினார். "இப்ப இருங்கோ."

ஹெக்டர் பேப்பரில் உட்கார்ந்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.  வின்சன்ற் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, வழியில் நின்ற சோதனைச் சாவடியில் கையை மட்டும் வெளியே காட்டினார். மறிக்காமல் விட்டார்கள்.

கார் தோட்டத்து வாசலில் நின்றதும் சனம் ஓடி வந்தது. மர்லியா ஹெக்டரைக் கைத்தாங்கலாக இறக்கினாள். ஈரத்தில் ஒட்டிய பேப்பர் சாரத்தோடு கொஞ்சத் தூரம் இழுபட்டுப்போய்க் கிழிந்தது. மிச்சத்தை வின்சன்ற் இரண்டு விரலால் உரித்து ஒழுங்கையில் போட்டார். ஈரம் இருக்கையிலும் இறங்கியிருந்தது. அவருடைய முகம் சுளித்தது.

"றஞ்சிதம், ஒரு துணி நனைச்சுக் கொண்டு வா."

அவள் போய்க் கொண்டு வந்தாள். பின்கதவால் உள்ளே முழங்காலிட்டு இருக்கையைத் துடைத்தாள்.

"ஒருக்காத் துடைச்சாப் போகாது. அழுத்தித் துடை" என்றார் வின்சன்ற். பிறகு சனத்தின் பக்கம் திரும்பி, காரின் முன்மூடியில் தாள்களை அடுக்கி வைத்தார். "றஞ்சிதம் வைச்சிட்டா. கேளுங்கோ அவட்ட."

எல்லோரும் காருக்குள் பார்த்தார்கள். அவள் நிமிரவில்லை. துடைத்துக்கொண்டே, "ஓம்" என்றாள்.

காருக்கு முன்னால் ஒவ்வொருவராக வரிசை கட்டத் தொடங்கினார்கள்.