உருண்டைத் தீன்

மூன்றாவது கோழியும் மல்லாந்து கிடந்தது. கால்கள் கூரைத் தகரத்தை நோக்கி விறைத்திருந்தன. ஒரு சிறகு மட்டும் இன்னும் மெல்லத் துடித்தது. எடுக்கக் குனிந்த சாருஜா எடுக்காமலே நின்றுவிட்டாள். காலையில் செத்த இரண்டும் இப்படித்தான். நோஞ்சான்கள் அல்ல; கொட்டிலிலேயே கொழுத்தவை.

கொழும்பு முகத்துவாரத்தில், வீட்டின் பின்புறம், கம்பிவலையால் இரண்டாகப் பிரித்த கொட்டில் அது. இருநூறு குஞ்சுகளை ஒரே நாளில் இறக்கி, முதல் மூன்று கிழமையும் எல்லாவற்றுக்கும் தூள் தீனே போட்டார்கள். குஞ்சுகள் அதைக் கிண்டிக் கிளறி, சோள நொய்யை மட்டும் பொறுக்கித் தின்று, மாவைத் தரையில் பரப்பிய உமியில் சிந்தின. நாள் முழுவதும் அவற்றுக்கு அதுவே வேலையாயிருந்தது. வெள்ளவத்தைக் கல்யாணமொன்றுக்கு இரண்டு கிழமை கழித்து வரும் வெள்ளிக்கிழமை இரண்டு கிலோக் கோழி நூறு வேண்டுமென்று சமையற்காரர் ஹியூபேட் சொல்லிப்போன அன்றுதான் அவளுக்கு அவசரம் பிடித்தது. வலப்பக்கத்து நூறு கோழிகளுக்கும், அதே தூளை அழுத்தித் திரட்டிய உருண்டைத் தீனை மாற்றினாள். பொறுக்கவும் வழியில்லை, சிந்தவும் வழியில்லை. அவை கால் மணி நேரத்தில் வயிற்றை நிரப்பிக்கொண்டு, மீதிப் பொழுதெல்லாம் உட்கார்ந்தே வளர்ந்தன. பத்து நாளில் இடப்பக்கத்துக் கோழிகள் அவற்றின் தம்பிமார் போலத் தெரிந்தன. அவள் பூரித்துப்போனாள். வளர்கிற உயிர் நலமாயிருக்கிறது என்றுதானே எவரும் எண்ணுவர்?

கணவன் விக்ரமன் சாக்கோடு வந்தான். செத்ததை உள்ளே போட்டு வாயை இறுக்கிக் கட்டினான்.

"சனம் அறிஞ்சா நோயெண்டுதான் கதைப்பினம். இண்டைக்கே ஹியூபேட் அண்ணைக்கு ஏத்தி விடுவம்."

"நோயாத்தான் இருந்தா? கல்யாண வீட்டுச் சனத்துக்கோ குடுக்கிறது?"

"அப்ப வெள்ளி வரைக்கும் ஒவ்வொண்டாக் கிடங்கு வெட்டித் தாட்டுக்கொண்டு இருப்பம்."

சாருஜா கம்பிவலையின் இரு பக்கமும் பார்த்தாள். நோயென்றால் மிஞ்சிய எல்லாவற்றையும் புதைக்கச் சொல்வார்கள். ஆனால் இடப்பக்கத்தில் ஒன்றுகூடச் சாகவில்லையே என்பது நினைவுக்கு வந்தது. கொட்டாஞ்சேனையில் தீன்கடை வைத்திருக்கும் ரிப்கானுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"மல்லாக்கவா கெடக்குது? நல்லாத் திண்ட பெரிசுகளா?" என்று கேட்டார் அவர்.

"ஓம், ரிப்கான் நானா."

"உருண்டையில கஷ்டமில்லாம உள்ள போவுது, தங்கச்சி. ஒடம்பு வளந்து ஓடுது, நெஞ்சு தாங்கேலாம நடந்துதான் வருது. எங்கட மச்சானும் கல்யாணம் முடிச்ச பொறவு இப்பிடித்தான் ஊதினாரு."

அவள் சிரிக்கவில்லை. "அப்ப நோயில்லையோ?"

"அத நான் போன்ல சொல்லேலா. நாளைக்கு மிருக வைத்தியருட்ட காட்டுங்க. அதுவரைக்கும் தூளப் போடுங்க. நிறை ஏறுறது கொஞ்சம் நிக்கும். உசிர் தங்கினாப் போதும்."

நிறை நின்றால் ஹியூபேட்டின் இரண்டு கிலோ போய்விடும். விக்ரமன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"லொறி வேண்டாம். இண்டைக்கு ஒண்டும் ஏத்திறேல்லை" என்றாள்.

வலப்பக்கத் தொட்டிகளிலிருந்த உருண்டைகளை வழித்தெடுத்துவிட்டுத் தூளைப் பரப்பினாள். கோழிகள் நெருங்கி வந்தன. குனிந்து பார்த்தன. ஒன்றும் கொத்தவில்லை. எப்போதும் இரைச்சலாயிருக்கும் அந்தப் பக்கம் அடங்கிப்போயிற்று. கம்பிவலைக்கு அப்பால் சிறியவை மட்டும் தம் தொட்டிகளைக் கொத்தும் ஓசை, தகரத்தில் தூறல் விழுவதுபோலக் கேட்டது.

இருப்பதிலேயே பெரிய சேவலொன்று தொட்டியருகே சரிந்து உட்கார்ந்து வாயைப் பிளந்தது. சாருஜா விரைந்து அதைத் தூக்கி, மார்பின் கீழே உள்ளங்கையைக் கொடுத்தாள். கனமும் வெப்பமுமான அந்தச் சதைக்குள் எங்கோ ஆழத்தில், எண்ண முடியாத வேகத்தில் ஏதோ அடித்துக்கொண்டிருந்தது.

"இறக்கி விடன், தின்னுதோ எண்டு பாப்பம்" என்றான் விக்ரமன்.

அவள் அசையவில்லை. கையிலிருந்து இறக்கும் கணத்தில் அந்தத் துடிப்பு நின்றுவிடும் என்று தோன்றியது. சேவல் கழுத்தை மெல்ல நீட்டி, அவள் மணிக்கட்டில் ஒட்டியிருந்த தூள் தீனை ஒருமுறை கொத்தியது.