பங்குனிக் கவாத்து

அந்தத் தெருவில் செடியைக் கவாத்து செய்தால் வீட்டுக்கும் கவாத்து நடந்துவிடும். முருங்கையில் ஒரு கிளை வெட்டினால் ஓர் அறை போகும். அதற்காகப் பங்குனியில் வெட்டாமல் விட முடியுமா? விட்டால் அறைகள் கண்டபடி வளர்ந்து அடுத்தவர் வாசலை அடைத்துக்கொள்ளும். அப்புறம் யார் அவர்களிடம் பேச்சு வாங்குவது? வெட்டிய இடத்தில் ஈரம் காய்வதற்குள் சாணி அப்பினால் போதும், சித்திரை மழைக்கு அறை துளிர்த்துவிடும்.

ருக்மணி காலையிலேயே ரோஜாவை முடித்துவிட்டாள். அதில் ஓர் அலமாரியும் ஜன்னலும் போயின. மல்லிகைக்கு மண்ணைக் கிளறி, கூடைச் சாணியை எருவாக வைத்தாள். மிச்சம் முருங்கைதான். மாடி அறைக்கு உரிய கிளை தெருப்பக்கம் நீண்டிருந்தது. அந்த அறையில் அவள் புருஷன் நாச்சிமுத்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, கீழ வாங்க. கிளை வெட்டோணும்."

"இரு புள்ள, ஒரு பக்கந்தான் பாக்கி."

அந்த மனுஷனுக்கு ஒரு பக்கம் என்றால் ஒரு யுகம். வெயில் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அப்பாடா என்று அரிவாளை வீசினாள். கிளை விழுந்தது. மாடி அறை இருந்த இடத்தில் வானம் தெரிந்தது.

பாதிப் படியில் செருப்பு மட்டும் கிடந்தது. மூக்குக் கண்ணாடியை எடுக்கத் திரும்பிப் போயிருக்கிறார், பாவி மனுஷன்!

ருக்மணி சாணிக் கூடையை எட்டிப் பார்த்தாள். கூடையில் இருந்த சாணியெல்லாம் மல்லிகைக்கே தீர்ந்திருந்தது. வெட்டு காய்ந்தால் அறையும் வராது, அவரும் வரமாட்டார். பக்கத்து வீட்டுத் தொழுவத்துக்கு ஓடினாள்.

"பாப்பாத்தியக்கா, சாணி! அவரு மேலயே இருந்துட்டாரு!"

"மாடு இன்னும் போடலியே கண்ணு."

இருவரும் மாட்டின் பின்னால் போய் நின்றார்கள். மாடு நிதானமாக அசைபோட்டது. வாலைத் தூக்கியது, ஈ ஓட்டிவிட்டு இறக்கியது. ருக்மணி வேண்டாத தெய்வமில்லை. ஒருவழியாகப் போட்டதும் இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு ஓடிவந்து அப்பினாள். வெட்டில் ஈரம் மிச்சமிருந்ததா என்று அவளுக்கே நிச்சயமில்லை.

அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் எழுந்ததும் மரத்தடிக்குத்தான் போனாள்.

சித்திரையில் முதல் மழை பெய்த மறுநாள், வெட்டின் கீழே துளிர் விட்டிருந்தது. முருங்கை ஒன்று வெட்டினால் இரண்டாகத்தான் துளிர்க்கும். மாடியில் இரண்டு அறைகள் இருந்தன.

"காப்பி ஆச்சா புள்ள?" என்று இரண்டிலிருந்தும் குரல் வந்தது.

ருக்மணி அழுதாள். அழுது முடித்து, பாத்திரத்தில் இன்னொரு டம்ளர் தண்ணீர் ஊற்றினாள். வீட்டுக்குப் பேப்பர் ஒன்றுதானே வருகிறது என்பதுதான் அவளுக்குக் கவலையாக இருந்தது.