அன்றே திரும்பும் சீட்டு

1

இந்தக் கதையை எழுதும் எண்ணம் எனக்கு இருந்ததில்லை. கிறிஸ்துமஸ் விருந்தில், என் தம்பி சிரிலின் மருமகள் டாம்சினுடைய தம்பி வான்கோழியை வெட்டிக்கொண்டே, பிரான்சுக்குப் போய்ப் பயந்து ஓடிவந்த கிழவர் என்று சிரிலைப் பற்றி ஒரு கதை சொன்னான். மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். சிரிலும் அங்கேதான் இருந்தான். உருளைக்கிழங்குத் தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சாப்பிட்டான். வீடு வந்து சேர்ந்ததும் தாளை எடுத்தேன்.

நான் ஹெஸ்டர் ஓக்கெண்டன். எங்கள் குடும்பத்தில் இன்று உயிரோடு இருப்பவர்களில் மூத்தவள். எங்கள் வீட்டு ஆள் ஒருவனைப் பற்றிக் எங்கள் கென்ட் மாவட்டம் முழுக்கக் கதை உலவத்தான் போகிறது என்றால், அது நடந்தபடி உலவட்டும். என்னைப் பற்றி இதில் ஒன்றும் இல்லை. வேறு வழியில்லாத இடங்களில் மட்டும் தலைகாட்டுவேன்.

2

தொடக்கம்:

சிரில் அன்று காலை கண்விழித்தபோது கடலின் மேல் மூடுபனி

(நிறுத்திவிட்டேன். அவன் வீட்டு ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக் குப்பைத்தொட்டிதான் தெரியும்.)

ஓய்வுபெற்ற வங்கி மேலாளரான சிரில்,

(இதுவும் வேண்டாம். ஆள் அடையாளம் தெரியக்கூடாது என்று வேலையை மாற்றிப் பார்த்தேன். வங்கி மேலாளராக இருந்தால் பின்னால் நடப்பது எதுவும் நடக்காது. சிரில் தன் உத்தியோகக் காலம் முழுவதும் நீதிமன்றத்தில் சாட்சிகளுக்குச் சத்தியம் செய்துவைத்தவன். உறுதிமொழி அட்டையை நீட்டுவான், சத்தமாகப் படிக்கச் சொல்வான், படித்து முடிக்கும்வரை கண்ணை எடுக்காமல் பார்ப்பான். உள்ளது உள்ளபடியே இருக்கட்டும். பெயரையும் நான் மாற்றவில்லை. ஒளித்துவைக்க அதில் என்ன இருக்கிறது?)

மூன்றாவது தொடக்கம். இது நிற்கும் என்று நினைக்கிறேன்:

மனைவி இறந்த பிறகு, மகன் வீட்டார் தங்களோடு விடுமுறைக்கு வரும்படி சிரிலை அழைத்தது அதுவே முதல் தடவை. இடையில் இரண்டு கோடைகள் அழைக்காமலே கழிந்திருந்தன. காரணம் அவனுக்கும் தெரியும். ஒருமுறை விலங்குப் பூங்கா வாசலில், மூத்த பேத்திக்கு அரைச்சீட்டு வாங்குவதற்காக மருமகள் டாம்சின் வயதைக் குறைத்துச் சொன்னாள். பின்னால் நின்ற சிரில் அதைத் திருத்தினான். சத்தம் போடவில்லை. சீட்டுக் கொடுப்பவனிடம் பேத்தியின் பிறந்த தேதியை மட்டும் சொன்னான். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு அழைப்புகள் மாதத்துக்கு ஒன்றாயின. பிறகு பண்டிகைக்கு ஒன்றாயின.

ஆகவே இந்தத் தடவை காரில் ஏறும்போது சிரில் தனக்குத் தானே ஒரு கட்டளை இட்டுக்கொண்டிருந்தான்: எதையும் திருத்தக்கூடாது. அடுத்த வருடமும் இந்தக் காரில் தனக்கு இடம் வேண்டும். அவனுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

3

பிரான்சுக்குக் கப்பல் ஏறும் டோவர் துறைமுகத்தில் கார்கள் வரிசையாக நின்றன. மகன் ஏட்ரியன் ஓட்டினான். முட்டியை அதிக நேரம் மடக்கினால் வலிக்கும் என்பதால் சிரிலுக்கு முன்சீட்டு. பின்னால் டாம்சினும் இரண்டு பெண்பிள்ளைகளும், காலடியில் தேயிலைப் பைகளும் வேகவைத்த அவரை டப்பாக்களும். காரின் கூரைமேல் பெட்டி, பின்கதவில் இரண்டு சைக்கிள். சீட்டுச் சாவடியில் எண்ணைப் படித்துச் சொல்வதற்காகக் கப்பல் சீட்டு அச்சடித்த தாள் சிரிலின் மடியில் இருந்தது. அவன் அதை வரிவரியாகப் படித்தான். அவனிடம் எந்தத் தாளைக் கொடுத்தாலும் அப்படித்தான் படிப்பான்.

"டாம்சின், இதுல தேதி தப்பா விழுந்திருக்கு பாரும்மா. இன்னைக்கு ராத்திரியே திரும்புற மாதிரி போட்டிருக்கான்."

"தப்பில்ல மாமா. அப்படித்தான் போட்டேன்."

உதவி செய்வதாக நினைத்துத்தான் அவன் சொன்னான். நான் இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் டாம்சினின் தம்பி இதை வேறு மாதிரி சொல்கிறான்.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது, இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் மாதத்தில் காரோடு ஒரு தடவை கடலைக் கடக்கக் கேட்கிற காசில், போய் அன்றே திரும்பும் சீட்டு நான்கு வாங்கலாம். காலையில் போய் மது வாங்கிக்கொண்டு மாலையில் வருகிறவர்களுக்காகக் கப்பல்காரர்கள் வைத்திருக்கும் மலிவு அது. ஆகவே சனங்கள் அதை வாங்கி, போகும் பாதியைப் பயன்படுத்திவிட்டு, திரும்பும் பாதியைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். திரும்பி வர அந்தக் கரையிலிருந்து இன்னொரு மலிவுச் சீட்டு. அப்படிச் செய்தால் முழுக் கட்டணம் வசூலிப்போம் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். பெரும்பாலும் வசூலிப்பதில்லை. எங்கள் தெருவிலேயே பல வீடுகள் இப்படித்தான் போய்வருகின்றன. நாங்கள் போனதில்லை.)

டாம்சின் இதையெல்லாம் அவனுக்கு விளக்கினாள். குறுக்குவழி என்று அவள் நினைக்கவே இல்லை. பல நாள் உட்கார்ந்து தேடி, ஐந்து பேர் போகக்கூடிய ஒரே வழியைக் கண்டுபிடித்தவளின் பெருமை அவள் குரலில் இருந்தது. சிரில் பணப்பையை எடுத்தான். முழுக் கட்டணத்துக்கு வேண்டிய மிச்சத்தைத் தான் கட்டிவிடுவதாகச் சொன்னான்.

"உங்க காசுல போறதுன்னா உங்கள நாங்க எதுக்குக் கூப்பிடணும் மாமா? இது எங்க செலவு. நீங்க பேசாம உக்காந்து வாங்க, அது போதும்."

(கடைசி வாக்கியத்தை முதல் பிரதியில் எடுத்துவிட்டிருந்தேன். ஓக்கெண்டன் வீட்டு மருமகள் மாமனாரிடம் அப்படிப் பேசினாள் என்று நானே எழுதுவதா என்று தோன்றியது. பிறகு திருப்பிச் சேர்த்தேன். சொன்னாள்தான். அவளுக்கும் மானம் உண்டு என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேறில்லை.)

கார் சாவடிக்கு வந்தது. உள்ளே இருந்த பெண் எண்ணைத் தட்டினாள். கூரைப் பெட்டியைப் பார்த்தாள். சைக்கிள்களைப் பார்த்தாள். பிறகு, எல்லோரிடமும் கேட்பதுபோலச் சாதாரணமாகக் கேட்டாள்:

"இன்னைக்கே திரும்பிடுவீங்களா?"

4

இந்த இடத்தில்தான் என் முதல் பிரதி முடிந்தது. அதில் சிரில் நிமிர்ந்து உட்கார்ந்து உண்மையைச் சொன்னான். நல்ல வாக்கியம் ஒன்றை அவன் வாயில் வைத்திருந்தேன். இரண்டு நாள் செதுக்கியது. படித்துப் பார்த்தேன். அவன் மட்டும் நிமிர்ந்திருந்தான். பின்சீட்டில் டாம்சின் தன் பிள்ளைகள் முன்னால் குனிந்திருந்தாள். விலங்குப் பூங்கா வாசலே திரும்ப வந்து நின்றதுபோல இருந்தது. கிழித்துவிட்டேன்.

அதோடு, நடந்தது அதுவுமல்ல.

ஏட்ரியன் பதில் சொல்ல வாயெடுப்பதைச் சிரில் பார்த்தான். அடுத்த நொடியில் தன் மகன் ஒரு பொய்யைச் சொல்லப்போகிறான் என்று அவனுக்குத் தெரிந்தது. மகனின் தோளைத் தாண்டிக் குனிந்து, சாவடிப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சிரில் சொன்னான்:

"ஆமாம்மா. இன்னைக்கு ராத்திரியே."

அவள் தலையசைத்து வழிவிட்டாள்.

5

கப்பலில் அவனைக் கொண்டாடித் தீர்த்தார்கள். பேத்திகள் அவன் குரலை நடித்துக் காட்டினார்கள். பொரித்த முட்டையும் பன்றித் தொத்திறைச்சியுமாகப் பெரிய காலைச் சாப்பாடு ஒன்றை டாம்சினே வாங்கிவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"மாமா, நீங்க இவ்ளோ பெரிய கேடின்னு தெரியாமப் போச்சே. இனிமே வருஷா வருஷம் முன்சீட்டு உங்களுக்குத்தான்."

ஏட்ரியன் அப்பாவின் தோளில் கைபோட்டான். அவன் அப்படிச் செய்து வெகு காலம் ஆகியிருந்தது.

சிரில் கேட்க வந்தது அந்த வார்த்தையைத்தான். அது அவனுக்குக் கிடைத்துவிட்டது. சாவடியில் தான் சொன்னது பொய்யல்ல, நிஜமாகவே சொன்னது என்று அப்போதே அவன் வாய்திறந்து சொல்லியிருக்கலாம். திறக்கவில்லை. அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கப்பல் கரை சேரும்வரை அவனும் கூடச் சிரித்தான். என்னிடம் இதைச் சொன்னபோது, அந்தச் சாப்பாட்டில் காளான் இருந்ததா இல்லையா என்று நினைவில்லை என்றான். தட்டில் இருப்பதையெல்லாம் நினைவில் வைத்திருக்கும் ஆள் அவன்.

6

அவர்கள் தங்கவிருந்த கூடார மைதானம், பிரான்சுக் கரையில் கப்பல் சேரும் கலேயிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், பீட்ரூட் வயல்களுக்கு நடுவில் இருந்தது. சிரில் கூடாரத்துக்கு முளை அடித்தான், கயிறுகளை இழுத்துக் கட்டினான், கூரைப் பெட்டியைக் காலி செய்தான், சைக்கிள்களை இறக்கினான். தன் பையை மட்டும் இறக்கவில்லை. பிறகு மகனிடம் கைநீட்டினான்.

"சாவியக் குடு."

"எங்கப்பா போறீங்க?"

"வீட்டுக்கு. கப்பலுக்கு நேரமாச்சு."

ஏட்ரியன் சிரித்தான். அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். யாரும் சோதிக்கப்போவதில்லை என்றான். அந்தப் பெண் இந்நேரம் மறந்திருப்பாள் என்றான். அவள் மறந்தாலும் சொன்னது தான்தானே என்றான் சிரில். காருக்கு வாங்கிய சீட்டு அது, கார் திரும்பினால் சீட்டில் இருப்பது உண்மையாகிவிடும், யார்மீதும் குற்றமில்லை. இரண்டு வாரம் கழித்து டோவரிலிருந்து இன்னொரு அன்றே திரும்பும் சீட்டு வாங்கி, தானே வந்து, அன்றே எல்லோரையும் கூட்டிப்போவான். கணக்கு நேராகிவிடும்.

டாம்சின் கூடாரத்துக்குள்ளிருந்து வந்தாள். அவள் கேட்டது ஒன்றுதான்.

"அப்போ கப்பல்ல சிரிச்சீங்களே மாமா, அது என்ன?"

இதற்குச் சிரில் என்ன சொன்னான் என்று

(அவனிடம் மூன்று முறை கேட்டேன். சொல்லவில்லை. அவனுக்காக நான் ஒரு பதில் தயாரித்தேன். அழகாகவே வந்தது. எங்கள் வீட்டில் அடுத்தவர் சொல்லாததைச் சொன்னதாக எழுதும் வழக்கம் இல்லை. வெற்றிடமாகவே விட்டிருக்கிறேன்.)

சாவி கைமாறியது. பேத்திகள் வயல்வழி முடியும்வரை காரின் பின்னால் ஓடிவந்தார்கள்.

7

வேறு வழியில்லாத இடத்தில் தலைகாட்டுவேன் என்று முன்பே சொன்னேன், இது அந்த இடம். அந்த இரண்டு வாரமும் சிரில் என் வீட்டுப் பின்னறையில் இருந்தான். அவன் தெருவில் எல்லோரும் கையசைத்து வழியனுப்பியிருந்தார்கள்; மறுநாளே வாசலில் போய் நின்றால் என்ன கேட்பார்கள்? மகன் வீட்டார் துரத்திவிட்டார்கள் என்பார்கள். ஆகவே காரை என் கொட்டகைக்குள் விட்டுவிட்டு, பகலில் திரைச்சீலையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஊரார் அவன் பிரான்சில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்களே, அது மட்டும் என்ன கணக்கு என்று கேட்டேன். தான் யாரிடமும் அப்படிச் சொல்லவில்லை என்றான். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. எங்கள் இருவருக்கும் வளையாத முதுகு, ஒரே வார்ப்பு.

(இந்தப் பகுதியை வைப்பதா எடுப்பதா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. குடும்ப மானத்துக்கு இது உதவாது. ஆனால் இதை எடுத்தால் டாம்சினின் தம்பி சொல்லும் கதைக்கும் நான் சொல்வதற்கும் அதிக வித்தியாசம் இருக்காது.)

8

திரும்ப அழைத்துவரப் போன நாளைப் பற்றி என்னிடம் மூன்று வடிவங்கள் இருக்கின்றன.

ஏட்ரியனின் வடிவத்தில், கார் இல்லாத அந்த இரண்டு வாரம்தான் அவர்கள் கழித்த விடுமுறைகளிலேயே நல்லது. சைக்கிளில் போய் ரொட்டி வாங்கினார்கள், பீட்ரூட் விவசாயியின் டிராக்டரில் ஏறிக் கடற்கரை பார்த்தார்கள். அப்பா வந்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

டாம்சினின் வடிவத்தில், அதே ரொட்டிக்கு அவள் மழையில் நடந்தாள். சின்னவளுக்குக் காய்ச்சல் வந்தபோது மைதானத்துக்காரனின் மனைவியிடம் கார் கேட்டு நின்றாள். அந்நியர் வாசலில் நிற்க வைத்தாரே மாமா, அதில் மானம் எங்கே போனது என்று என்னிடம் கேட்டாள். இதை நான் வெட்டாமல் விட்டிருக்கிறேன் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

சிரிலின் வடிவம் சிறியது. போனான், சாமான் ஏற்றினான், திரும்பினான். முன்சீட்டில் யார் உட்கார்ந்தது என்று கேட்டேன். ஓட்டியது தான்தான் என்றான். பக்கத்தில்? டாம்சின். பேசினாளா? டோவர் வந்ததும் ஒரு வார்த்தை பேசினாள் என்றான்.

"என்ன சொன்னா?"

"'கால நீட்டி உக்கார முடியாம முட்டி வலிச்சிருக்குமே'ன்னா."

இது கோபமா, இல்லையா? எழுத்தில் இதற்குத் தொனி கொடுக்க எனக்குத் தெரியவில்லை. கோபமாகப் படித்தால் ஒரு கதை, வேறு விதமாகப் படித்தால் இன்னொரு கதை.

9

முடிவுக்கு வந்தாக வேண்டும். இரண்டு எழுதினேன். ஒன்றில் அவன் மன்னிப்புக் கேட்கிறான். சிரிலுக்கு அது பொருந்தவில்லை. மற்றதில் அவள் கேட்கிறாள். டாம்சினுக்கு அது பொருந்தவில்லை. இரண்டும் அடுப்பில்.

இன்று மதியம் டாம்சின் என் வீட்டுக்கு வந்தாள். மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் திறந்து வைத்தாள். புதுவருடத் தள்ளுபடி, இன்றோடு முடிகிறது என்றாள். போகும் தேதி ஆகஸ்டில். திரும்பும் தேதி இரண்டு வாரம் கழித்து, அந்த வாரத்தின் சனிக்கிழமை. இந்தத் தடவை உள்ளதை உள்ளபடி போட்டிருந்தாள். விலையை நானும் பார்த்தேன்.

"அத்தை, மாமாகிட்ட நான் கேக்க மாட்டேன். அவரும் வாய்திறந்து கேக்க மாட்டாரு. உங்களுக்குத்தான் அவரப் பத்தித் தெரியும். அவரு வர்றாரா இல்லையான்னு நீங்களே போட்டுடுங்க."

சொல்லிவிட்டுத் தேநீர் போடச் சமையலறைக்குள் போய்விட்டாள். கெண்டி கொதிக்கும் சத்தம் கேட்கிறது. கொதித்த பிறகும் அவள் அதை அணைக்கவில்லை.

ஓக்கெண்டன் ஒருவனுக்காக இன்னொருவர் பதில் சொல்வதில்லை என்று இத்தனை வருடம் இருந்துவிட்டேன். அவன் வந்து, இன்னொரு சாவடியில் வேறு எதற்காவது நிமிர்ந்து உட்கார்ந்தால் அந்தக் குடும்பம் தாங்குமா என்றும் எனக்குத் தெரியவில்லை. அவனை விட்டுவிட்டுக் கார் புறப்பட்டால் அவன் தாங்குவானா என்பதும்தான்.

திரையில் 'பெரியவர்கள்' என்ற இடத்தில் இப்போது இரண்டு என்று இருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி; தட்டினால் மூன்றாகும். நான் பேனாவை மூடிவிட்டு நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொள்கிறேன். சிரிலை இவ்வளவு நேரம் நீங்களும் பார்த்துவிட்டீர்கள். இங்கே வந்து உட்காருங்கள்.