முப்பத்தெட்டும் சரி

கோட்டை வாசலில் பஸ் கிளம்ப வேண்டிய நேரத்துக்கு மேல் பதினேழு நிமிஷம் ஓடிவிட்டது. புதுசாகக் கல்யாணமான ஜோடியை மட்டும் காணவில்லை. டிரைவர் அண்ணன் இரண்டு தடவை ஹாரன் அடித்துப் பார்த்தார். மூன்றாவது தடவை அடிக்காமல் ஸ்டியரிங் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அப்படிக் கவிழ்த்துவிட்டால் அடுத்து அவர் வாயிலிருந்து வருவது நாலு பேர் கேட்கக் கூடியதாக இருக்காது என்பது, அவரோடு பதினான்கு வருஷமாக அதே பஸ்ஸில் வழிகாட்டியாக ஓடுகிறவனுக்குத் தெரியும். அண்ணன் அவனை மைக்கு என்றுதான் கூப்பிடுவார். காலை எட்டு மணிக்கு மைக்கைக் கையில் பிடித்தால் மாலை ஆறு மணிக்குத்தான் கீழே வைப்பான். அதற்குள் கோட்டை, மணிக்கூண்டு, அருங்காட்சியகம், பெரிய பாலம், கலங்கரை விளக்கம் என்று ஊரையே காட்டி முடிக்க வேண்டும். ஊர் பார்க்க வருகிற ஜனங்களோ கடிகாரத்தை வீட்டில் கழற்றி வைத்துவிட்டுத்தான் கிளம்புவார்கள் போலிருக்கிறது.

"மைக்கு, போய்த் தேடுறியா, இல்ல நான் வண்டிய எடுக்கட்டுமா?"

"ரெண்டு நிமிஷம் அண்ணே."

"காலையில இருந்து உன் ரெண்டு நிமிஷத்த எல்லாம் சேத்து வச்சிருந்தா, இந்நேரம் நான் வீட்டுல படுத்துத் தூங்கி எந்திரிச்சிருப்பேன்."

மற்ற நாளாக இருந்தால் இதற்கு அவனும் ஒன்று திருப்பிச் சொல்லியிருப்பான். இன்று முடியவில்லை. வழிகாட்டி உட்காருவதற்கென்று கதவருகே ஒரு மடக்கு சீட் உண்டு. அவன் அதில் உட்கார்ந்ததே கிடையாது. அதற்கு முதுகைக் காட்டி, பயணிகளைப் பார்த்தபடி நின்றுகொண்டுதான் பேசுவான். இன்று காலையிலிருந்து அந்த சீட் அவன் மனைவிக்கு. நம்ம சீட்டுதானே, டிக்கெட் எதற்கு என்று அவன்தான் பெரிய மனுஷனாகச் சொன்னான்.

ஐந்து மாதமாக அவள் தன் அக்கா வீட்டில் இருக்கிறாள். பித்தப்பையில் கல் என்று அவளுக்கு ஆபரேஷன் நடந்த அன்று, லீவு கிடைக்கவில்லை என்று சொல்லி அவன் பஸ்ஸில் போய்விட்டான். போனதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வந்தவன், கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு ஒரு பயணியின் தொப்பி பாலத்தில் பறந்துபோன கதையை அரை மணி நேரம் சொன்னான். சிரிக்க வைக்கலாம் என்று நினைத்தான். தையல் வலியோடு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள்தான், ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். போன வாரம் அவளே போன் செய்தாள். "அந்த பஸ்ல அப்படி என்னதான் இருக்குன்னு ஒரு நாள் வந்து பாக்குறேன். பாத்துட்டு, நம்ம வீட்டுக்கு வர்றதா, இல்ல ஆறரை மணி ரயிலப் புடிச்சு அக்கா வீட்டுக்கே போறதான்னு சொல்றேன்" என்றாள். அவன் சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டான். வீட்டைக் கூட்டிப் பெருக்கினான். காலையில் அவள் இரண்டு பெட்டியோடு வந்து நின்றபோது மட்டும், ஒரு நாளைக்கு எதற்கு இரண்டு பெட்டி என்று முணுமுணுத்துக்கொண்டே அவற்றை ஆபீஸில் வைத்துவிட்டு வந்தான்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கோட்டைச் சுவர் வரைக்கும். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் பவர் பார்த்துச் சொல்கிற வேலை செய்கிறவள். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணில் கால் பாயிண்ட் வித்தியாசத்தைத் தேடிப் பழகியவள். அவன் சுவரின் முன்னால் நின்று, நானூறு வருஷத்துச் சுவர் என்று முழங்கிக்கொண்டிருக்கும்போது, "வீட்ல முந்நூறுன்னுதானே சொல்லுவீங்க?" என்று கேட்டுவிட்டாள். கேலிகூட இல்லை. நிஜமாகவே சந்தேகம். ஆனால் கூட்டம் சிரித்தது. முன்வரிசையில் வரும் ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியாருக்கு ஒரே கொண்டாட்டம். காலையிலிருந்து தனி ஆளாக அவனைத் திருத்திக்கொண்டு வந்தவருக்குக் கூட்டாளி கிடைத்துவிட்டது. "அந்த அம்மா சொல்றது கரெக்ட். முந்நூத்திப் பன்னெண்டு" என்றார். அவனுக்கு முகம் கடுகடுத்துவிட்டது. மைக்கை இறக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு மனைவியிடம் சொன்னான்.

"கொஞ்சம் வாய மூடிக்கிட்டு வர்றியா?"

அவள் மூடிக்கொண்டாள். திருப்பி நாலு வார்த்தை கேட்டிருந்தால் தேவலை. அதன்பிறகு அவன் அவள் இருந்த பக்கமே பார்க்கவில்லை.

கடைசியில் ஜோடி வந்தது. ஓடிக்கூட வரவில்லை, கைகோத்துக்கொண்டு நடந்து வந்தது. "சாரி சார், கண்ண மூடிட்டா, அதான் திரும்ப எடுத்தோம்" என்று மாப்பிள்ளைப் பையன் போட்டோவைக் காட்டப் பார்த்தான். ஏறுங்க, ஏறுங்க என்று அவர்களை உள்ளே தள்ளாத குறையாக ஏற்றிவிட்டு அவன் எண்ணினான். எண்ணுவது அவனுக்குத் தனி வித்தை. மடக்கு சீட்டின் முன்னால் நின்ற இடத்திலேயே, முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை கண்ணாலேயே தலைகளைத் தொட்டுக்கொண்டு போவான். வாய் பாட்டுக்கு மணிக்கூண்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். பதினான்கு வருஷத்தில் ஒருத்தரையும் எங்கேயும் விட்டுவிட்டுப் போனதில்லை. அதற்காக ஆபீஸில் கேடயமே கொடுத்திருக்கிறார்கள். டிக்கெட் முப்பத்தெட்டு. தலையும் முப்பத்தெட்டு.

"முப்பத்தெட்டும் சரி. போலாம் அண்ணே."

மணிக்கூண்டு போகும் வழியெல்லாம் அவள் பார்வை முதுகில் குத்துவதாகவே அவனுக்குப் பட்டது. குத்தட்டும் என்று குரலை இன்னும் உயர்த்தினான். வழக்கமாகச் சொல்லாத இரண்டு நகைச்சுவைகளைச் சொன்னான். இரண்டுக்கும் பஸ் சிரித்தது, முதுகுக்குப் பின்னாலிருந்த மடக்கு சீட்டிலிருந்து மட்டும் ஒரு சத்தமும் இல்லை. அவ்வளவு வீம்பா என்று நினைத்துக்கொண்டான். மணிக்கூண்டில் முதல் ஆளாக இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தான். இறங்கி வா என்று சொல்லவில்லை. வந்தால் வரட்டும், இல்லாவிட்டால் பஸ்ஸிலேயே உம்மென்று உட்கார்ந்திருக்கட்டும். வாத்தியார் மணிக்கூண்டின் உயரத்தில் ஒன்பது அடி குறைவதாகச் சொன்னார். குறையட்டும் என்றான். ஜோடி அங்கேயும் கடைசியாகத்தான் வந்தது.

அருங்காட்சியகத்தின் வாசலில் எல்லாரும் இறங்கி முடித்தபோது அவன் கோபம் பாதி வடிந்திருந்தது. மணி நாலு. சாயங்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது, அவள் பதில் சொல்ல வேண்டிய சாயங்காலம். பயணிகள் போகிற திசையைப் பார்த்தபடியே, திரும்பாமல், தாழ்ந்த குரலில் பேசினான்.

"சரி விடு. முந்நூறுதான். அதுக்குன்னு எல்லார் முன்னாடியும் கேக்கணுமா?"

கடைசிப் பயணியும் வாசலுக்குள் நுழையும்வரை காத்திருந்தான்.

"பேசேன். இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தா மனுஷன் எவ்ளோ நேரம்தான் தாங்குவான்?"

டிரைவர் அண்ணன் கண்ணாடியில் அவனைப் பார்த்தார். "யார்கிட்ட மைக்கு பேசுற?"

அவன் திரும்பினான். ஆள் எழுந்தால் தானாக மடங்கிக்கொள்கிற சீட் அது. சுவரோடு சுவராக மடங்கிக் கிடந்தது. பக்கத்துக் கொக்கியில் அவளுடைய கைப்பை தொங்கியது.

"தங்கச்சி பின்னாடி எங்கயாச்சும் உக்காந்திருக்கும்னு நெனச்சேன்" என்றார் அண்ணன். "நீதான் சரின்னியே."

அவனுக்கு ஒரு கணம் ஒன்றுமே விளங்கவில்லை. சரியாகத்தானே எண்ணினேன் என்று மனசுக்குள் மறுபடி எண்ணினான். முப்பத்தெட்டு. அதில் அவள் இல்லை. டிக்கெட் இல்லாதவள் காலையிலிருந்தே அந்தக் கணக்கில் இல்லை. கொக்கியில் தொங்கிய பைக்குள் போன் அடிக்க ஆரம்பித்தது. அவள்தான் யாரிடமாவது போன் வாங்கிக் கூப்பிடுகிறாள் என்று பதறி எடுத்தான்.

"என்னடி, கூப்பிட்டாரா?" என்றது போன். அவளுடைய அக்கா.

"நான்தான் அக்கா."

"ஓ, தம்பியா. அவ எங்க?"

"அவ... உள்ள சிலை பாத்துக்கிட்டு இருக்கா."

"பாக்கட்டும், பாக்கட்டும். தம்பி, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. துணிமணி அத்தனையும் கட்டி எடுத்துக்கிட்டுத்தான் வந்திருக்கா. திரும்பிப் போற எண்ணம் இல்ல. ஆனா நீங்க வாயத் தொறந்து வான்னு ஒரு வார்த்த கூப்பிடணுமாம். அதுக்குத்தான் இந்த பஸ் கூத்தெல்லாம். மறந்துடாதீங்க, என்ன?"

மறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு போனை வைத்தான். ஒரு வார்த்தை. காலையிலிருந்து எத்தனை ஆயிரம் வார்த்தை பேசியிருக்கிறான். எந்தச் சுவரை யார் இடித்தார்கள், எந்த மணியை யார் திருடினார்கள் என்று முன்பின் தெரியாத முப்பத்தெட்டுப் பேருக்குச் சொல்லத் தெரிந்தவனுக்கு, பெட்டியைக் கையில் வாங்கும்போது வீட்டுக்கு வா என்று சொல்லத் தோன்றவில்லை. எதற்கு இரண்டு என்று கேட்கத்தான் தோன்றியது.

கோட்டை வாசல் காவலாளியின் நம்பர் அவனிடம் இருந்தது. "பச்ச கலர் டிரஸ், கண்ணாடி போட்ட அம்மா, அவங்கதானே?" என்றார் காவலாளி. "பாத்ரூம் போயிட்டு வந்தாங்க, அதுக்குள்ள உங்க வண்டி போயிடுச்சு. முக்கா மணி நேரம் கல் பெஞ்சுல உக்காந்திருந்தாங்க சார். போன் பண்ணித் தரவான்னு கேட்டேன். வேணாம், அவர் எண்ணிப் பாப்பாரு, திரும்பி வந்துடுவாருன்னாங்க. அப்புறம் மஞ்ச பஸ் வந்துச்சு. அந்த கைடம்மா விசாரிச்சிட்டு ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க."

மஞ்சள் பஸ் போட்டிக் கம்பெனியுடையது. ஊரை வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு, பெரிய பாலம் வழியாக வந்து, ஆறு மணிக்கு ரயில் நிலையத்தில் ஆட்களை இறக்கிவிடும். அதன் வழிகாட்டியம்மாவின் நம்பரை, தன் கதைகளைத் திருடிச் சொல்கிறாள் என்று போன வருஷம் சண்டை போட்டுவிட்டு அவனே அழித்துவிட்டான். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பெட்டிகள் ஆபீஸில்தான் இருக்கின்றன. ஆனால் பெட்டிக்காகத் திரும்பி வருகிறவள் இல்லை அவள். ரயில் டிக்கெட்டுக்கு யாரிடமாவது கடன் வாங்கிக்கொள்வாள், அக்கா வீட்டில் வேறு துணி கட்டிக்கொள்வாள்.

"பாலத்துக்குப் போயிடலாம் அண்ணே. அந்த வண்டிய அங்க புடிச்சிடலாம்."

"நான் ரெடி. உன் ஜனங்க எங்க?"

ஜனங்கள் நிதானமாக வந்தார்கள். ஒரு குடும்பம் சோடா குடிக்க நின்றது. ஒருவர் செருப்பில் கல் புகுந்துவிட்டது என்று படியில் உட்கார்ந்து தட்டினார். ஜோடி சிலைகளுக்கு நடுவில் தொலைந்துபோய் இருபது நிமிஷம் கழித்துச் சிரித்துக்கொண்டே வந்தது. அவன் ஒவ்வொருவராக முழங்கையைப் பிடித்து ஏற்றினான். பழக்கதோஷத்தில் எண்ணினான். முப்பத்தெட்டு. அந்த எண்ணை நினைக்கவே அவனுக்கு வெறுப்பாக இருந்தது.

பாலத்தின் மேல் ஏறியதும் போக்குவரத்து நின்றுவிட்டது. முன்னால் எங்கோ ஒரு லாரி பழுது. இரண்டு வரிசையாக வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன. ஐந்தே முக்கால். மைக் அவன் கையில் சும்மா இருந்தது. "பாலத்தப் பத்தி ஒண்ணும் சொல்லலியே தம்பி" என்றார் வாத்தியார். "நீங்களே சொல்லுங்க சார்" என்றான். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கும்போதுதான் இடது வரிசையில் அந்த மஞ்சள் நிறம் தெரிந்தது. நகர்ந்து நகர்ந்து வந்து, அவர்கள் பஸ்ஸின் பின்பாதிக்குப் பக்கத்தில் நின்றது. மூன்றாவது ஜன்னலில் அவள். அந்தப் பக்கத்து வழிகாட்டியம்மா ஏதோ சொல்ல, அவள் ஆற்றின் பக்கம் தலையைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, கதவத் திறங்க."

"பாலத்து மேல திறந்தா லைசென்ஸ் போயிடும் மைக்கு. ரெண்டு வண்டிக்கும் நடுவுல கை நுழையற இடம்கூட இல்ல. எங்க இறங்குவ?"

உண்மைதான். ஏ.சி. பஸ், திறக்கிற ஜன்னலும் கிடையாது. அவன் கடைசி வரிசைக்கு ஓடி, கண்ணாடியைத் தட்டினான். அவள் திரும்பவில்லை. தட்டிய கை வலித்தது. திரும்ப முன்னால் ஓடி வந்தான். கத்தினால் கேட்கப் போவதில்லை. கையில் மைக் இருந்தது, அதுவும் இந்த முப்பத்தெட்டுப் பேருக்கு மட்டும்தான் கேட்கும். கேட்கட்டும் என்று வாயருகே கொண்டுபோனான்.

"எல்லாரும் கொஞ்சம் இடது பக்கம் பாருங்க" என்றான். "மஞ்ச பஸ்ஸுல மூணாவது ஜன்னல். அது என் சம்சாரம். கோட்டையில நான் விட்டுட்டு வந்துட்டேன். எண்ணும்போது விட்டுட்டேன். வீட்டுக்கு வான்னு சொல்லணும். எனக்கு எப்படின்னு தெரியல."

வாத்தியார் ஒன்றையும் திருத்தவில்லை. முதலில் எழுந்தது அந்த ஜோடிதான். இடது பக்கம் போய்க் கண்ணாடியைத் தட்டிக் கையாட்டியது. சோடாக் குடும்பம் எழுந்தது. வலது பக்கத்து வரிசை முழுக்க இடது பக்கம் வந்து சேர்ந்ததில் பஸ் ஒரு பக்கமாகச் சாய, அண்ணன் முனகிக்கொண்டே நீளமாக ஹாரனை அழுத்தினார். எல்லாக் கைகளும் கண்ணாடியில் ஆடின. மஞ்சள் பஸ்ஸில் யாரோ ஒருவர் அதைப் பார்த்துவிட்டு அவள் தோளைத் தொட்டார்.

அவள் திரும்பினாள். அத்தனை முகங்களும் தன்னையே பார்ப்பதைக் கண்டு முதலில் மிரண்டாள். பிறகு மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கடைசி ஜன்னலிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு ஜன்னலாகத் தேடிக்கொண்டு வந்தாள். முன்னால் எங்கோ லாரியை ஓரம் கட்டிவிட்டார்கள் போல, இடது வரிசை மெல்ல அசைந்தது. அவன் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, வீட்டுக்கு வா என்று உதட்டசைவிலாவது சொல்லிவிடக் கதவுக் கண்ணாடியோடு ஒட்டி நின்றான். மஞ்சள் பஸ் ஊர்ந்து முன்னேற, அவள் ஜன்னல் அவன் நின்ற இடத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. இன்னும் இரண்டு ஜன்னல் தூரம் இருந்தது.