எல்லை தொட்டால் பேசலாம்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை நேரத்தில் போனைத் தொட்டால் சீட்டு கிழிந்துவிடும். அது தெரிந்தும் போர்வை மடிக்கிறவள் இஸ்திரி உருளைக்குப் பின்னால், ஈரத்துணி வண்டியின் மறைவில் குந்திக்கொண்டு, போனில் ஊர் கட்டி நிலம் பிடிக்கிற விளையாட்டு ஒன்றைத் திறந்து வைத்திருந்தாள்.

விளையாட்டுப் பைத்தியம் என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடாதீர்கள். கோட்டையும் கொத்தளமும் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. அவள் புருஷன் இருக்கிறானே, முன்கோபத்தை ஆண்மை என்று நினைத்துக்கொண்டிருக்கிற ஆள், அவள் தம்பியை ஒருநாள் வீட்டை விட்டுத் துரத்திவிட்டான். அவள் தடுக்கவில்லை. ரோஷக்காரத் தம்பி நம்பரையும் மாற்றிக்கொண்டு போனவன்தான், இருக்கிற இடமே தெரியவில்லை. இந்த விளையாட்டை மட்டும் அவன் விடவில்லை, அதே பழைய பேரில் ஆடிக்கொண்டிருந்தான். அதனால் அவளும் தட்டுத்தடுமாறி உள்ளே நுழைந்து, ‘போர்வைக்காரி’ என்று பேர் வைத்துக்கொண்டு, அவனுக்குப் பக்கத்திலேயே ஒரு கிராமம் கட்டினாள். மறுநாளே அவனிடமிருந்து வந்தது: ‘சாப்பிட்டியா அக்கா?’ அவள் பஸ்ஸில் உட்கார்ந்து ஊரே பார்க்க அழுதாள். புது நம்பரைக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவான்.

அங்கே சட்டம் ஒன்றுதான். கூடாரம் போட்டால் கையகல நிலம். கிராமத்துக்குக் கொஞ்சம் கூடுதல். கோட்டைக்கு இன்னும் தூரம். நகரம் என்றால் கண்ணுக்கெட்டியவரை. இருவரின் எல்லையும் தொட்டுக்கொண்டிருந்தால்தான் பேச முடியும், நடுவில் எவனாவது புகுந்தால் பேச்சு அறுந்துவிடும்.

இன்று காலையில் தம்பி எழுதியிருந்தான்: ‘வேலை போயிடுச்சு அக்கா. ரூமையும் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. வீட்டுக்கு வரட்டுமா? மாமா ஏதும் சொல்வாரா?’

‘வாடா, அந்த ஆளை நான் பார்த்துக்கறேன்’ என்று அடித்து அனுப்பினாள். போகவில்லை. அதற்குள் எந்தப் பாழாய்ப்போனவனோ நடுவில் ஒரு கோட்டையைக் கட்டித் தொலைத்திருந்தான். வரட்டுமா என்று கேட்டவனுக்குப் பதில் இல்லை. அவன் என்ன நினைப்பான்? அக்காவும் கைகழுவிவிட்டாள் என்றுதானே நினைப்பான்?

“என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?” என்றாள் உருளையில் துணி விடுகிற ‘ரேடியோ’. வாய் ஓயாததால் வந்த பேர். “சூப்பர்வைசர் வர்ற நேரம். எந்திரி.”

“தம்பிக்கு ஒரு வார்த்தை சொல்லணும்டி. ஒரே ஒரு வார்த்தை. கொஞ்சம் பார்த்துக்கோ, உன் கால்ல வேணா விழறேன்.”

ரேடியோ அதிசயமாக வாயை மூடிக்கொண்டு, இரண்டு பேர் வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்தாள்.

விளையாட்டில் அவள் கூட்டணிக்குத் தலைவர் ஒரு பல் டாக்டர். ஒரே கூட்டணிக்காரர்கள் எல்லை தொடாமலே பேசிக்கொள்ளலாம், தம்பிதான் எந்தக் கூட்டணியிலும் சேராதவன். அவரிடம் கெஞ்சினாள். நோயாளியின் வாயைத் திறந்து வைத்துவிட்டுத்தான் பதில் எழுதினாரோ என்னவோ, உடனே வந்தது.

‘கோட்டையை உடைக்க உங்க படை பத்தாதும்மா. கிராமத்தை நகரமாக்குங்க. நகரத்து எல்லை கோட்டையைத் தள்ளிடும். சுத்தி இருக்கற கூடாரமெல்லாம்கூட தானா காலியாயிடும். உங்களுக்கு இடம்தான்.’

மற்றதை அவள் எங்கே படித்தாள்? நகரம் என்ற வார்த்தையோடு கண் நின்றுவிட்டது. சிறுகச் சிறுகச் சேர்த்த கல், மரம், தானியம் அத்தனையையும் கண்ணை மூடிக்கொண்டு கொட்டினாள். கிராமத்தைச் சுற்றி மதில் எழுந்தது. அவளுடைய நீலக் கோடு விரிந்து, கோட்டைக்காரனின் சிவப்பைப் பின்னுக்குத் தள்ளி, ஆற்றைத் தாண்டி, தம்பி இருந்த மேட்டைத் தொட்டது. தொட்டதோடு நிற்காமல் மேட்டையும் வளைத்துக்கொண்டது.

“வந்துட்டேன்டா!” என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

மேட்டில் ஒன்றுமில்லை. வெறும் புல்.

கூடாரம். தம்பி இருந்தது கூடாரத்தில்தான். ‘ஒத்த ஆளுக்கு எதுக்கு அக்கா கிராமம்?’ என்று சிரித்தவன் அவன். அவள்தான் அதைக் கூடாரமாக நினைத்ததே இல்லை. தம்பி வீடு, தம்பி வீடு என்றே மனசில் பதிந்து போயிருந்தது. டாக்டருக்கு எழுதினாள்: ‘காலியான கூடாரம் எங்கே போகும்?’

‘வரைபடத்துல எங்கே வேணா தூக்கிப் போட்டுடும். லட்சம் பேர் இருக்கற இடம், திரும்ப வந்து தொல்லை தராது. கவலைப்படாதீங்க.’

“என்னடி ஆச்சு? சொல்லிட்டியா?” என்றாள் ரேடியோ.

திரையில் புது நகரத்துக்கு வந்த முதல் ஓலை விரிந்திருந்தது. நகரத் தலைவியின் பேரால் விளையாட்டே எழுதி, விளையாட்டே தம்பிக்கு அனுப்பிய உத்தரவின் நகல்.

‘இது போர்வைக்காரியின் நிலம். இங்கே உனக்கு இடமில்லை. உடனே வெளியேறு.’

“நான் சொல்லலடா! அது நான் இல்லடா!” என்று அவள் போனைப் பார்த்துக் கத்தினாள். உருளை இரைச்சலையும் மீறிக் கூடமே திரும்பிப் பார்த்தது. சூப்பர்வைசர் வாசலில் நின்றான்.

தம்பியின் போனில் அந்த உத்தரவுக்கு அடியில் இரண்டு பொத்தான்கள் உண்டு. எதிர்க்கலாம், அல்லது ஏற்கலாம். எதிர்த்தால் போதும், இருவருக்கும் நடுவே பேச்சு திறந்துவிடும். சண்டைக்காரர்களும் பேசிக்கொள்ள வேண்டுமே. எதிர்த்துடுடா, என்னைத் திட்டி எழுதுடா, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி ஒரு வார்த்தை கேளுடா என்று அவள் சாமி கும்பிடுவதுபோல போனை நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

போன் அதிர்ந்தது. இறக்கிப் பார்த்தாள்.

‘வெளியேற்றப்பட்டவர் உங்கள் உத்தரவை ஏற்றுக்கொண்டார்.’