கோடு விழுந்த பலகைகள்

சமையலறைக் கதவைத் திறந்தால் வீட்டுக்கு வெளியே மரத்தளம். பதினெட்டுப் பலகைகள், ஒவ்வொன்றும் பதினான்கு அடி. போன மாதம் ஏழாவது பலகை என் காலடியில் முறிந்தது. கணுக்கால் வரை உள்ளே போனேன். வலிக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, காலை உருவிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

மச்சானிடம் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் போனில் "எப்படி இருக்கீங்க மாப்ள?" என்று கேட்டார். அதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் பலகை உடைந்ததைச் சொன்னேன். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, மரம் தேய்க்கும் உப்புத்தாள் மெஷினோடு வாசலில் நின்றார்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். பஸ் ஓட்டுகிறார். வண்டிக்கு இருக்கும் பிரேக் வாய்க்குக் கிடையாது.

"மாப்ள, இது தளமா, பல்லு போன கிழவன் வாயா?"

"ஒண்ணுதான் உடைஞ்சிருக்கு."

"மீதியெல்லாம் அதுக்குத் துணைக்குப் போக வரிசையில நிக்குதே. மழைக்கு முன்னாடி எதையாவது பூசலைன்னா, அடுத்த வருஷம் நீங்க கதவைத் திறந்தா நேரா தரைதான்."

தளத்தின் நீளத்துக்கு நடந்து பார்த்தார். பதினைந்து பலகைகள் சாம்பல் நிறமாகி வெடித்திருந்தன. சமையலறைக் கதவை ஒட்டிய மூன்று மட்டும் தேன் நிறம். ஆனால் மூன்றிலும் சரியாக நடுவில் ஒரு கருத்த கோடு குறுக்காக ஓடியது. கோட்டுக்கு அந்தப் பக்கம் திட்டுத் திட்டாக இருந்தது.

"இது நம்ம எலி வேலைதானே?"

"ஆமா."

எலி என்பது அவர் தங்கைக்கு வைத்த பெயர். சின்ன வயதில் எதைக் கண்டாலும் கொறிப்பாளாம். அவள் இறந்து ஒரு வருடம் ஆகிறது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. காலை பதினொன்றரைக்கு விழுந்தாள், இரண்டு மணிக்கு முடிந்துவிட்டது. இந்த வீட்டில் அவள் கையால் செய்து நிலைத்து நிற்பது அந்த மூன்று பலகைகள்தான். அவற்றைப் பார்த்து நான் சொன்ன வாக்கியமும் இன்னும் இருக்கிறது.

வீடு வாங்கியபோது தளம் புதிது. பைன் மரம். பெயின்ட் வேண்டாம், ஸ்டெயின் பூசலாம் என்றாள். பெயின்ட் மரத்தின் மேல் தோல் மாதிரி நிற்கும், பிறகு உரியும். ஸ்டெயின் உள்ளே இறங்கும், மரத்தின் ரேகை தெரியும். மூன்று வகை உண்டு. முழுக்கத் தெளிவானது ஒரு வருடத்தில் வெளுக்கும். முழுக்க மூடுவது நாள்பட நிற்கும், ஆனால் ரேகையை மறைத்துவிடும். இடைப்பட்டது இரண்டு மூன்று வருடம் தாங்கும். அவளுக்கு இடைப்பட்டது வேண்டும், தேன் நிறத்தில். எனக்கு அடர் பழுப்பு. நிறத்தை விட்டுக்கொடுத்தேன். நேரத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

நான் இயந்திர உதிரிபாகத் தொழிற்சாலையில் தரச்சோதனைப் பிரிவில் இருக்கிறேன். குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். புது மரத்தில் ஈரம் இருக்கும், காயாமல் பூசினால் ஸ்டெயின் இறங்காது என்று படித்தேன். ஈரம் பார்க்கும் மீட்டர் ஒன்று வாங்கினேன். வாரம் ஒரு முறை பதினெட்டுப் பலகைகளிலும் முள்ளைக் குத்தி ஒரு தாளில் எண்களை எழுதினேன். பதினெட்டு சதவீதம். பதினேழு. மழை வந்தால் மறுபடி இருபது.

"போதும், பூசிடலாம்" என்பாள்.

"பதினஞ்சுக்குக் கீழே வரட்டும்."

"அதுக்குள்ள நான் கிழவியாயிடுவேன்."

எட்டு மாதம் போயிற்று. ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் செய்தாள். "மத்தியானம் வந்துட முடியுமா? ஒரு வேலை இருக்கு." என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. கூட்டம் இருக்கிறது என்றேன். கூட்டம் இருந்தது உண்மை. நான் இல்லாமலும் நடந்திருக்கும் என்பதும் உண்மை.

மாலை வந்தபோது கதவருகே உட்கார்ந்திருந்தாள். முழங்கை வரை தேன் நிறம். மூன்று பலகை முடித்திருந்தாள். நான் தளத்தைப் பார்த்தேன், கோட்டைப் பார்த்தேன். "என்ன இவ்வளவு அசிங்கமா இருக்கு?" என்றேன்.

அவள் எழுந்தாள். பிரஷைக் கழுவினாள். டப்பாவை மூடிச் சாமான் அறையில் வைத்தாள். அதற்குப் பிறகு ஏழு மாதம் உயிரோடு இருந்தாள். தளத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் மீட்டரை எடுக்கவில்லை.

மச்சான் ஒரு குவளைத் தண்ணீரைத் தளத்தில் வீசினார். சாம்பல் பலகைகள் காய்ந்த தொண்டை மாதிரி ஒரே நொடியில் குடித்துவிட்டன. மூன்று பலகைகளில் மட்டும் தண்ணீர் முத்து முத்தாக நின்றது.

"பார்த்தீங்களா? அரைகுறையாப் பண்ணினாலும் எலி பண்ணினது நின்னிருக்கு."

அவர் குத்திக்காட்டவில்லை. தண்ணீரைப் பற்றித்தான் சொன்னார்.

ஸ்டெயின் வாங்க நான் கிளம்பினேன். அதே நிறம் வேண்டும் என்று பழைய டப்பாவை எடுக்கச் சாமான் அறைக்குப் போனேன். அதன் பக்கத்தில் ரப்பர் கையுறை இரண்டு ஜோடி இருந்தது. ஒன்று சின்னது, கறைபட்டது. இன்னொன்று பெரியது, பாக்கெட் பிரிக்காதது. சைஸ் மாற்றி வாங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

புறப்படும்போது மச்சானிடம் மூன்று வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்: அந்த மூணைத் தொடாதீங்க. சொன்னால் ஏன் என்பார். வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

பெயின்ட் கடைக்காரர் டப்பாவைத் திருப்பி, மூடியைப் பார்த்தார். ஐம்பது வயது, காதில் பென்சில்.

"நம்ம கடை டப்பாதான். மூடியில என் கையெழுத்து. ஒரு அம்மா வாங்கினாங்க. கேள்வி மேல கேள்வி கேட்டு என்னை ஒரு வழி பண்ணிட்டாங்க. நீங்க அவங்க வீட்டுக்காரரா?"

"ஆமா."

"அப்போ அந்த மீட்டர் ஆள் நீங்கதானா!" சிரித்தார். "மரத்துக்கு ஜுரம் பார்ப்பாருன்னு சொன்னாங்க."

நானும் சிரிக்க முயன்றேன். "அதே நிறம் வேணும். போன தடவை நடுவுல கோடு விழுந்துடுச்சு."

"விழாம என்ன செய்யும்? நல்ல வெயில்ல, பதினாலு அடிப் பலகை. ஒருத்தர் தடவிக்கிட்டே போகணும், ஒருத்தர் பின்னாலயே துடைச்சுக்கிட்டு வரணும். தடவினவங்களே நின்னு திரும்பி வந்து துடைச்சா, நின்ன இடம் காஞ்சிடும். திரும்ப அங்கேருந்து ஆரம்பிச்சா ரெண்டு பூச்சு ஏறிக் கோடாயிடும். ரெண்டு ஆள் வேலைன்னு முதல் நாளே சொன்னேன். 'அது பிரச்சினை இல்லைங்க, அவர் அரை நாள் லீவு போட்டுட்டு வருவார்'னாங்க."

நான் கல்லாவின் மேல் இருந்த நிற அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாலு நாள் கழிச்சு வந்து நிக்கிறாங்க, கோடு எப்படிப் போகும்னு. தனியாப் பண்ணீங்களான்னு கேட்டேன். வேற பக்கம் பார்த்தாங்க. 'அது இருக்கட்டும்மா, அடுத்த வருஷம் ரெண்டு பேரா முழுசும் ஒரு தடவை பூசிடுங்க'ன்னேன். சரின்னு பெரிய சைஸ் கிளவுஸ் ஒண்ணு வாங்கிட்டுப் போனாங்க. ஆமா, அவங்க வரலையா?"

"வரலை" என்றேன்.

இரண்டு டப்பாவும், பக்கத்து மரக்கடையில் ஒரு புதுப் பலகையும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். காரில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. பதினான்கு அடி. அவள் முதலிலிருந்து ஆரம்பித்து ஏழாவது அடியில் நிறுத்தியிருக்கிறாள். துடைக்கத் திரும்பியிருக்கிறாள். முதல் பலகையில் கோடு விழுந்ததைப் பார்த்திருப்பாள். இரண்டாவதை வேகமாகச் செய்தும் விழுந்திருக்கிறது. மூன்றாவதிலும். பிறகுதான் விட்டிருக்கிறாள். நான் இருக்க வேண்டிய இடம்தான் அந்தக் கோடு. என் இடம் காலியாக இருந்ததைப் பார்த்துத்தான் அசிங்கம் என்று சொல்லியிருக்கிறேன்.

தெருமுனையிலேயே மெஷின் சத்தம் கேட்டது. பலகையைக் கார் கூரையில் கட்டியபடியே விட்டுவிட்டு வீட்டைச் சுற்றி ஓடினேன்.

மச்சான் மண்டியிட்டிருந்தார். புருவமெல்லாம் தேன் நிறத் தூள். கதவை ஒட்டிய முதல் பலகை வெறும் மரமாக, வெளுப்பாக இருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் மெஷின் பாதித் தூரம் வந்திருந்தது. கோட்டுக்கும் அதற்கும் நடுவே ஒரு ஜாண்.

சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன்.

"என்ன மாப்ள? ஷாக் அடிக்குதா?"

"இதை ஏன் எடுத்தீங்க?"

"முதல்ல இதைத்தான் எடுக்கணும்னு நினைச்சேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அசிங்கமா இருக்குன்னு நீங்க சொன்னதா எலி சொன்னா. தினமும் கதவைத் திறந்தா இதுதான் முதல்ல கண்ணுல படுது. உங்களுக்கு உறுத்தும்னு..."

அவர் குரல் தேய்ந்தது. தளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார். பஸ் ஓட்டுகிறவர், எங்கே நிறுத்த வேண்டும் என்பது தெரிந்தவர். மெஷினை ஓரமாக வைத்தார்.

"சொல்லியிருக்கலாமே மாப்ள."

"ஆமா. சொல்லியிருக்கலாம்."

தூளைப் பெருக்கினோம். ஒரு முறத்துக்குக் கூட வரவில்லை. அவர் அதைக் குப்பையில் கொட்டாமல் ஒரு காகிதத்தில் மடித்து ஜன்னல் விளிம்பில் வைத்தார். நான் எடுக்கவில்லை. சாயந்தரத்துக்குள் காற்று கலைத்துவிட்டது.

மற்ற பதினான்கையும் தேய்த்தோம். ஏழாவதைக் கழற்றிப் புதுப் பலகையை முடுக்கினோம். அதன் மேல் தண்ணீர் தெளித்தேன். உடனே இறங்கவில்லை, உள்ளே இன்னும் ஈரம்.

"இது இன்னும் ரெண்டு மாசம்..." என்று ஆரம்பித்தேன்.

"மாப்ள."

"பூசிடலாம்."

இரண்டு மணிக்கு வெயில் வீட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. நான் தடவினேன், அவர் துடைத்தார். கையுறைப் பாக்கெட்டைப் பிரிக்க மனம் வரவில்லை, வெறுங்கையால்தான் பிரஷைப் பிடித்தேன். பலகையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, எங்கும் நிற்காமல். மச்சான் முழங்காலால் நகர்ந்துகொண்டே பின்னால் வந்தார். ஒரு பலகைக்குப் பன்னிரண்டு நிமிடம். கோடும் இல்லை, திட்டும் இல்லை. மரத்தின் ரேகை மட்டும் மேலே எழுந்து வந்தது. அவள் கடை அட்டையில் காட்டிய நிறம் அதுதான்.

"இவ்வளவுதானா வேலை!" என்றார் மச்சான். "இதுக்கா ரெண்டு வருஷம்?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். கடிக்க வேண்டியதில்லை. ஆறு மணிக்குள் பதினேழு பலகைகள் முடிந்துவிட்டன. அரை நாள்.

மிச்சம் இருந்தது மூன்றாவது பலகை. பாதி வெறும் மரம், பாதி அவளுடையது. நடுவில் அவளுடைய கோடு.

"இந்தப் பாதியை இப்படியே விட்டுடலாம் மாப்ள. இருந்துட்டுப் போகட்டும்."

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் விட்டால் இன்னும் ஒரு வருடம். பிறகு வெயில் தின்றுவிடும், மழை பிளந்துவிடும். பூசினால் இன்றே என் பூச்சுக்கு அடியில் போய்விடும். எப்படியும் போகும். கோடு வேண்டும் என்று அவள் எங்கேயும் சொல்லவில்லை. கோடு எப்படிப் போகும் என்றுதான் கடைக்குப் போய்க் கேட்டிருக்கிறாள்.

சாமான் அறைக்குப் போய்ப் பாக்கெட்டைப் பிரித்தேன். ரப்பர் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஊதிப் பிரித்துக் கையை விட்டேன். அளவு சரியாக இருந்தது. என்னிடம் கேட்காமலே சரியாக வாங்கியிருக்கிறாள்.

வெறும் மரத்திலிருந்து ஆரம்பித்தேன். மச்சான் துணியோடு பின்னால் மண்டியிட்டார். ஐந்து அடி போனதும் சொன்னேன்.

"அன்னிக்குக் காலையில எனக்குப் போன் பண்ணினா மச்சான். மத்தியானம் வரச் சொன்னா. நான் வரலை."

அவர் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"தெரியும் மாப்ள."

"அவ சொன்னாளா?"

"ம்."

"வேற என்ன சொன்னா?"

துணி நின்றது. அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். என்னவோ சொல்ல வந்தார். ஒரு வருடமாக வைத்திருந்ததாக இருக்கலாம். பிறகு அவர் பார்வை கீழே இறங்கியது.

என் பிரஷ் நின்றிருந்தது. ஏழாவது அடியில், சரியாக அவளுடைய கோட்டின் மேல்.

"தடவுங்க மாப்ள" என்றார் மெதுவாக. "நின்னா கோடு விழும்."

தடவினேன். அவர் துடைத்துக்கொண்டே பின்னால் வந்தார். கடைசி முனை வரை நிற்கவில்லை. எழுந்து திரும்பிப் பார்த்தேன். புதுப் பூச்சுக்கு அடியில் அந்தக் கோடு இன்னும் கொஞ்சம் கருத்து, இருந்த இடத்திலேயே இருந்தது.